பழைய விளையாட்டுப் பெட்டியில் நல்ல இசை



சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். துரும்பே உதவுமானால், தேர்ந்த பொறியாளர்கள் கூடிச் செய்த ஒரு கருவி உதவாமல் போகுமா? பிள்ளைகள் ஒரு காலத்தில் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடிய பழைய விளையாட்டுப் பெட்டியைப் பாட்டுக் கேட்கும் தரமான சி.டி. கருவியாக மாற்றலாம் என்கிறார்கள். அதில் உண்மை எவ்வளவு, செய்யும் முறை என்ன, ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

அண்மையில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தோம். தீபாவளிக்காக வீட்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். அலமாரியின் மேலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகள் கீழே இறங்கின. ஒன்றில் தாத்தா சேர்த்து வைத்திருந்த பாட்டு சி.டி.கள். வீட்டிலிருந்த கருவி பழுதாகிப் போனதால் அவை பல காலமாக உறங்கிக் கிடந்தன. மற்றொன்றில் சாம்பல் நிற பிளேஸ்டேஷன் ஒன்று. மாமா பட்டணத்தில் வேலை செய்த நாளில் பழைய பொருளாக வாங்கி வந்தது.

பேரனுக்குப் பதினைந்து வயது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "தாத்தா, இதில் சி.டி. போட்டால் ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் கருவி மாதிரிப் பாடுமாம். என் கூட்டாளி சொன்னான்" என்றான்.

"பாடினால் நல்லதுதானே தம்பி, போட்டுப் பார்" என்றார் தாத்தா.

பையன் மின்கம்பியை எடுத்துச் சுவரில் செருகப் போனான். "கொஞ்சம் பொறு தம்பி" என்று நாம் தடுத்துவிட்டோம். ஏன் தடுத்தோம் என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறோம். அதற்கு முன், ஒரு விளையாட்டுப் பெட்டி எப்படிப் பாடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் கருநிற இசைத்தட்டை அறிவார்கள். ஊசி ஒன்று தட்டின் பள்ளத்தில் உரசிச் செல்லும். அந்த உரசலே ஒலியாகும். சி.டி.யில் உரசல் கிடையாது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தத் தட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. அந்த வரிசை நடுவில் தொடங்கி, சுருள் சுருளாக விளிம்பை நோக்கிச் செல்கிறது. சுருளை நீட்டி வைத்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். கருவிக்குள் இருக்கும் லேசர் ஒளி அந்தக் குழிகளின் மேல் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கருவி எண்களாகப் படித்துக்கொள்கிறது.

எவ்வளவு எண்கள் தெரியுமா? ஒரு விநாடிக்கு, ஒரு பக்கத்து ஒலிபெருக்கிக்கு மட்டும் 44,100 எண்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 88,200. ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதேனும் ஒரு படியைக் குறிக்கும். ஆனால் எண்களை நம் காது கேட்காது. அவற்றை மீண்டும் மின்னலையாக மாற்றித் தரும் ஒரு சில்லு தேவை. பாட்டின் தரத்தில் பெரும் பங்கு அந்தச் சில்லையும், அதன் பின்னால் வரும் மின்சுற்றையும் சார்ந்தது. இந்தச் சில்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் நாயகன் இவன்தான்.

சி.டி. முறையை வகுத்தவை ஜப்பானின் சோனி நிறுவனமும் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனமும். 1982ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சோனி தனது முதல் சி.டி. கருவியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. அதன் விலை 168,000 யென். சாதாரணத் தொழிலாளி எட்டிப் பார்க்க முடியாத விலை அது.

பன்னிரண்டு ஆண்டுகள் உருண்டன. 1994ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் அதே சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுப் பெட்டியை ஜப்பானில் வெளியிட்டது. விலை 39,800 யென். மறு ஆண்டு செப்டம்பரில் அது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. அந்தப் பெட்டி உருவாக முன்னின்று உழைத்தவர் கென் குத்தராகி என்ற பொறியாளர். அதற்கு முன்பே நிண்டெண்டோ நிறுவனத்தின் விளையாட்டுப் பெட்டிக்கு ஒலிச் சில்லு வடிவமைத்துக் கொடுத்தவர் அவர்.

பிளேஸ்டேஷனின் விளையாட்டுகள் சி.டி.யில் வந்தன. எனவே அந்தப் பெட்டிக்குள் ஒரு முழுமையான சி.டி. இயந்திரம் இருந்தே ஆகவேண்டும். சி.டி. முறையைப் படைத்தவர்களே செய்த பெட்டி என்பதால், பாட்டு சி.டி. போட்டாலும் பாடும்படி அமைத்துவிட்டார்கள். முதலில் வந்த பெட்டிகளில் எண்களை ஒலியாக்கும் வேலையை ஜப்பானின் அசாஹி கசேய் நிறுவனத்தின் ஏகே 4309 என்ற சில்லு செய்தது. அது மட்டுமல்ல. அந்தப் பெட்டிகளின் பின்புறத்தில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நிறத் துளைகள் இருந்தன. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு, மஞ்சள் படத்துக்கு. வீட்டிலுள்ள ஒலிபெருக்கிப் பெட்டியோடு நேராக இணைத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் எஸ்.சி.பி.எச். என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். 1000 என்றால் ஜப்பானுக்குச் செய்தது, 1001 அமெரிக்காவுக்கு, 1002 ஐரோப்பாவுக்கு. இசைப் பிரியர்கள் தேடி அலைவது இவற்றைத்தான், அதிலும் 1001ஐ. பின்னர் வந்த பெட்டிகளில் செலவைக் குறைப்பதற்காக அந்த வண்ணத் துளைகளை எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பாட்டுக் கேட்கலாம். ஆனால் பேர் பெற்றவை முதலில் வந்தவையே.

அந்தப் பேர் எப்படி வந்தது? உற்பத்தி 2006ஆம் ஆண்டில் நின்றது. அதற்குள் 10 கோடிக்கும் அதிகமான பிளேஸ்டேஷன்கள் உலகெங்கும் விற்றிருந்தன. பழைய பெட்டிகள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. அவற்றில் பாட்டுக் கேட்ட சிலர், இதன் இசை இனிமையாகவும் இயல்பாகவும் இருக்கிறதே என்று வியந்தார்கள். செய்தி பரவியது. அமெரிக்காவில் வெளிவரும் ஸ்டீரியோபைல் என்ற இசைக்கருவி இதழ், 2008ஆம் ஆண்டில் இந்த விளையாட்டுப் பெட்டியை ஒரு சி.டி. கருவியாகவே எடுத்து மதிப்பீடு செய்தது. காதால் கேட்டு எழுதியவர் பாராட்டினார். ஆனால் அதே இதழ் அளவுகருவி வைத்துச் சோதித்தபோது, எண்கள் அந்த அளவுக்குப் பாராட்டவில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். "ஆயிரக்கணக்கான வெள்ளிக் கருவிக்கு ஈடு" என்ற பேச்சு பாதி உண்மை, பாதி ஆர்வம். மனத்துக்குப் பிடித்த ஒலி வேறு, பழுதற்ற ஒலி வேறு. இது நல்ல கருவி. அதிசயக் கருவி அல்ல. இந்தப் பேச்சை நம்பி ஒரு பழைய பெட்டியை யாரேனும் கொள்ளை விலை சொன்னால் வாங்கிவிடாதீர்கள். வீட்டில் சும்மா கிடந்தால் பயன்படுத்துங்கள். அதுவே இதன் பெருமை.

சரி, அந்தப் பையனை ஏன் தடுத்தோம்? பெட்டியைத் திருப்பி அடியிலிருந்த சீட்டைப் படிக்கச் சொன்னோம். எஸ்.சி.பி.எச். 1000 என்று இருந்தது. அதன் பக்கத்தில் 100 வோல்ட் என்று எழுதியிருந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீடுகளிலோ 230 முதல் 240 வோல்ட் வருகிறது. மாமாவின் காலத்தில் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று கூடவே இருந்ததாம். அது எங்கோ தொலைந்துவிட்டது. பையன் நேராகச் செருகியிருந்தால் பெட்டி கருகியிருக்கும். தீப்பொறி பறந்து பக்கத்திலிருந்தவர்களுக்குத் தீங்கு நேர்ந்திருந்தாலும் வியப்பில்லை.

ஆகவே முதல் பாடம் இது: எந்தப் பழைய கருவியானாலும் சீட்டைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 100 அல்லது 120 வோல்ட் பெட்டியானால், அதற்கு ஏற்ற டிரான்ஸ்பார்மரைக் கடையில் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்கு வேண்டிய வாட்டைவிடக் கூடுதலாகத் தாங்கக்கூடியதாக அது இருக்கட்டும்.

இனி வேலைக்கு வருவோம். இதைப் படிப்படியாகச் சொல்கிறோம். முதல் படியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கும் பலன் உண்டு.

முதல் படி, சுத்தம் செய்தல். இதற்குப் பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை. மின்கம்பியை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தால், சிறிய கண்ணாடி மணிபோல லேசரின் வில்லை தெரியும். பஞ்சுக் குச்சியில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சிறிது தொட்டு, அழுத்தாமல் மெல்லத் துடைக்க வேண்டும். சட்டை நுனியும் எச்சிலும் கூடாது. லேசர் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. மூடி திறந்தால் நின்றுவிடும்படி உள்ளே ஒரு சிறிய சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவிட்சை ஏமாற்றிவிட்டு உள்ளே உற்றுப் பார்ப்பது கண்ணுக்கே ஆபத்து.

தட்டையும் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைப்பது தவறு. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். காரணம் இருக்கிறது. சி.டி.யில் பிழை திருத்தும் கணக்கு ஒன்று பதிந்துள்ளது. சுருளின் வழியில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும், அழிந்த எண்களை அது மீட்டுக்கொள்ளும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே கெடுக்கும். சுற்று வழியில் விழும் கீறலோ தொடர்ந்து அழித்துக்கொண்டே போகும். இன்னொன்று: படம் அச்சிட்ட மேற்பக்கத்தையும் கீறாமல் காக்க வேண்டும். எண்கள் பதிந்த படலம் அந்தப் பக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி, இடம் பார்த்து வைத்தல். முதலில் வந்த பெட்டிகளுக்கு ஒரு குறை உண்டு. லேசர் நகர்ந்து செல்லும் பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் அருகிலேயே மின்சாரம் வழங்கும் பகுதி சூடாகிக்கொண்டிருக்கும். நாளடைவில் பிளாஸ்டிக் தேய்ந்து, லேசர் சாய்ந்து, பாட்டு தடுக்கும். அதனால்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் பெட்டியைக் கவிழ்த்து வைத்து விளையாடினார்கள். காற்றோட்டமான இடத்தில், ஆடாத பலகைமேல் வையுங்கள். துணி போட்டு மூடாதீர்கள். தேய்மானம் மிகுந்துவிட்டால் லேசர் பகுதியையே மாற்ற வேண்டும்.

மூன்றாம் படி, ஒலியின் பாதையைச் சுருக்குதல். மாற்றி அமைத்தல் என்று சொல்வது இதைத்தான். சில்லிலிருந்து வரும் இசை, பின்புறத் துளையை அடைவதற்குள் பல சிறு பாகங்களைக் கடந்து வருகிறது. விளையாட்டுக்கு அது போதும். இசைப் பிரியர்கள் அந்தப் பாதையை விட்டுவிட்டு, சில்லின் காலிலிருந்தே நேராகக் கம்பி இழுத்துப் புதிய துளைகளில் கொடுக்கிறார்கள். அவ்விடத்தில் இசையோடு நேர்மின்சாரமும் கலந்து நிற்கும். அது ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் போகாமல் தடுக்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் நல்ல தரமான ஒரு கப்பாசிட்டர் வைக்க வேண்டும். அது நேர்மின்சாரத்தை நிறுத்தி, இசையை மட்டும் விடும். பழைய பாதையில், மின்சாரம் போடும்போது எழும் 'டப்' என்ற ஓசையை அடக்கும் பாகமும் இருந்தது. புதிய பாதையில் அது இல்லை. ஆகவே முதலில் விளையாட்டுப் பெட்டியைப் போட்டு, பிறகு ஒலிபெருக்கியைப் போட வேண்டும். நிறுத்தும்போது ஒலிபெருக்கியை முதலில் நிறுத்த வேண்டும்.

நான்காம் படி, மின்சாரத்தைத் தூய்மைப்படுத்துதல். உள்ளே இருக்கும் மின்வழங்கி, வீட்டு மின்சாரத்தைச் சுமார் ஏழரை வோல்ட்டாகவும் மூன்றரை வோல்ட்டாகவும் மாற்றிக் கொடுக்கிறது. தேர்ந்தவர்கள் அதை அகற்றிவிட்டு, வெளியே தனிப் பெட்டியில் டிரான்ஸ்பார்மர் வைத்து, இரைச்சல் குறைந்த மின்சாரம் கொடுக்கிறார்கள். வெப்பமும் வெளியேறிவிடுகிறது. ஆனால் அளவு சற்றே தவறினாலும் எல்லாச் சில்லும் ஒரு நொடியில் போய்விடும். இது கைதேர்ந்தவருக்கு உரிய வேலை.

பெற்றோர்களே, இங்கு ஒரு வார்த்தை. மூன்றாம் படியையும் நான்காம் படியையும் பிள்ளைகள் தனியாகச் செய்ய விடாதீர்கள். பிளக்கை எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. மின்வழங்கியில் உள்ள பெரிய கப்பாசிட்டர், கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 240 வோல்ட் பெட்டியில் அது 300 வோல்ட்டைத் தாண்டும். ஒரு கை பட்டால் உயிருக்கே ஆபத்து. மின்சார வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அளவுகருவியால் பார்த்து, மின்சாரம் இறங்கிவிட்டது என்று உறுதி செய்த பிறகே தொட வேண்டும். பழைய பலகைகளில் பற்றவைத்தது ஈயக் கலவை. அதை உருக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சோற்றில் கை வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது, ஒலி உண்மையாகவே மேம்பட்டதா என்று எப்படி அறிவது? உழைத்தவனுக்குத் தன் உழைப்பு இனிக்கும். அதனால் சோதனை நேர்மையாக இருக்க வேண்டும். ஒரே சி.டி.யை, ஒரே பாட்டை, இந்தப் பெட்டியிலும் வேறொரு கருவியிலும் போடுங்கள். ஒலியின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். சற்றே உரக்கக் கேட்பது சிறந்ததாகத் தோன்றுவது காதின் இயல்பு. கேட்பவர் முதுகைக் காட்டி உட்காரட்டும். எது பாடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். பல முறை கேட்டும் வேறுபாடு சொல்ல முடியாவிட்டால், மேலும் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்று பொருள்.

அந்தச் செம்பனைத் தோட்டத்து வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தார்கள். பையன் வில்லையைத் துடைத்தான். தாத்தாவின் சி.டி. ஒன்றைப் போட்டான். முதல் பாட்டு ஒழுங்காக ஓடியது. மூன்றாவது பாட்டில் தடுக்கியது. பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். பாட்டு மீண்டும் ஓடியது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஆயிரம் வெள்ளிக் கருவி எப்படிப் பாடும் என்று எனக்குத் தெரியாது தம்பி. என் பாட்டு திரும்பி வந்தது. அது போதும்" என்றார்.

பையனுக்கு அது போதவில்லை. உள்ளே திறந்து பார்க்க வேண்டும் என்று துடித்தான். நாம் அவனுக்குச் சொன்னது ஒன்றுதான்: முதலில் கெட்டுப்போன ஒரு வானொலிப் பெட்டியின் பலகையில் ஈயம் வைத்துப் பழகு, நூறு இடத்தில் சுத்தமாக வைக்கத் தெரிந்த பிறகு இதைத் தொடு. தாய் முதலில் தயங்கினார். பிறகு, பக்கத்து வீட்டில் மின்சார வேலை செய்பவரை அழைத்துக் கூட இருக்கும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளையின் ஆவலை அடக்காமல், ஆபத்தில் விடாமல், நடுவழி ஒன்றை அந்தத் தாய் கண்டார்.

நேயர்களே, பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த தலைமுறை நம்முடையது. நம் பிள்ளைகளின் கைக்கு இன்னொரு தொழிலும் வரவேண்டும். மின்னணுத் துறை நம் நாட்டில் பெரிய துறை. சிஜில் கெமாஹிரான் மலேசியா எனப்படும் திறன் சான்றிதழை அத்துறையிலும் பெறலாம். தேர்வுத் தாளில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் கையில் திறமை இருக்கக்கூடும். அந்தத் திறமை முதலில் தலைகாட்டும் இடம் ஒரு பழைய பெட்டியாக இருக்கலாம். உடைக்கிறான் என்று திட்டுவதற்கு முன், எதைத் தெரிந்துகொள்ளத் திறக்கிறான் என்று ஒரு முறை கேளுங்கள்.

உங்கள் அலமாரியின் மேலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். ஆனால், சீட்டைப் படித்த பிறகே செருகுங்கள்.